சங்கத்துக்குப் பால் ஊற்றும் எல்லோருக்கும்: ஆனந்த் ஊரின் முழுக்கதையும் நமக்கு வேண்டும்

கோபி, சத்தி, அந்தியூர், பவானி பக்கத்துக் கிராமங்களில் காலையும் மாலையும் சங்கத்துக்குப் பால் ஊற்றுகிற அக்காமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் வணக்கம்.

நானும் உங்களில் ஒருத்தி. கட்டுத்தரையில் நிற்கிற மாட்டை நம்பித்தான் எங்கள் வீட்டுச் செலவும் ஓடுகிறது. அரசாங்கத்துக்கு எழுதுகிற மடல்களை நிறையப் பேர் எழுதுகிறார்கள். அவை தேவைதான். ஆனால் இதை உங்களுக்குத்தான் எழுத நினைத்தேன். நான் கேட்கப்போகிற காரியத்தைச் செய்யும் உரிமை அதிகாரிகளிடம் இல்லை, நம்மிடம்தான் இருக்கிறது.

ஒவ்வொரு நவம்பர் 26-ஆம் தேதியும் தேசிய பால் நாள் வருகிறது. அது, பால் கூட்டுறவை நாடு முழுக்கக் கொண்டுபோன வர்கீஸ் குரியன் பிறந்த நாள். 1921-இல் கோழிக்கோட்டில் பிறந்தவர். அவருடைய அப்பா அரசு மருத்துவராகக் கோபிசெட்டிபாளையத்தில் வேலை பார்த்தார். மகன் நம்ம கோபி வைரவிழாப் பள்ளியில் படித்தார். அப்புறம் சென்னை லயோலா கல்லூரியில் இயற்பியல், கிண்டியில் பொறியியல். "இந்தியாவுக்கே பால் கொடுத்த மனுசன் நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துல படிச்சவர்" என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அந்தப் பெருமையில் தப்பில்லை. ஆனால் அந்தக் கதையை நாம் சொல்லுகிற விதத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. படித்த ஒருவர் எங்கிருந்தோ வந்தார், மிஷின் வைத்தார், ஊர் செழித்தது என்று முடித்துவிடுகிறோம். குரியன் குஜராத்தில் இருக்கிற ஆனந்த் என்ற ஊருக்குப் போய் இறங்கியது 1949 மே 13-இல். அதற்கு மூன்று வருடம் முன்பே அந்த ஊர்க்காரர்கள் பெரிய காரியத்தைச் செய்து முடித்திருந்தார்கள். அந்த மூன்று வருடக் கதையைத்தான் நாம் விட்டுவிட்டோம். நமக்கு வேண்டிய பாடமெல்லாம் அதில்தான் இருக்கிறது.

குஜராத்தில் சரோத்தர் என்று ஒரு பகுதி. நல்ல மண், புகையிலை நன்றாக விளையும். அன்றைக்குக் கைரா மாவட்டம், இப்போது கேடா என்கிறார்கள். அதன் நடுவில் பம்பாய்-அகமதாபாத் ரயில் பாதையில் இருந்த ஒரு சின்ன ஊர் ஆனந்த். இன்றைக்கு அது தனி மாவட்டத் தலைநகரம். 1997-இல் கேடாவிலிருந்து பிரித்தார்கள். 1940-களில் அப்படி எதுவும் இல்லை. புழுதி பறக்கும் ஊர், ஒரு ரயில் நிலையம், சுற்றிலும் எருமை வளர்க்கும் கிராமங்கள். வெள்ளாமையில் வரும் பணம் வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான். இடைப்பட்ட நாட்களில் உப்பு, எண்ணெய், பிள்ளைகளின் துணிமணிக்கு எருமைப் பால் காசுதான் கை கொடுத்தது. இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அந்தப் பாலை வாங்கியது யார்? தரகர்கள். விலை அவர்கள் வைத்ததுதான். கோடையில் பால் குறையும்போது கொஞ்சம் ஏறும்; மழை முடிந்து குளிர்காலத்தில் எருமைகள் நிறையக் கறக்கும்போது விழுந்துவிடும். பாலைப் பூட்டி வைக்க முடியாது. நெல்லையோ மஞ்சளையோ விலை ஏறட்டும் என்று இருப்பு வைக்கலாம், காலையில் கறந்த பால் மத்தியானத்துக்குள் திரிந்துவிடும். வாங்குகிறவனுக்கு இது நன்றாகத் தெரியும். பால் வியாபாரத்தில் உழைக்கிறவன் கை எப்போதும் தாழ்ந்தே இருப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

ஆனந்தில் போல்சன் என்று ஒரு தனியார் பால் பண்ணை இருந்தது. பெஸ்தோன்ஜி எதுல்ஜி தலால் என்ற பார்சி வியாபாரி நடத்தியது. போல்சன் வெண்ணெய்க்கு அந்தக் காலத்தில் நாடு முழுக்கப் பெயர். 1945-இல் பம்பாய் அரசாங்கம் நகரத்து மக்களுக்கு நல்ல பால் கொடுக்க 'பம்பாய் பால் திட்டம்' தொடங்கியது. ஆனந்திலிருந்து சுமார் 430 கிலோமீட்டர் தூரம் ரயிலில் பால் போக வேண்டும். வாங்கி, பதப்படுத்தி, அனுப்புகிற வேலை போல்சனிடம் கொடுக்கப்பட்டது. அரசாங்கத்துக்கும் போல்சனுக்கும் இடையில் விலை பேசி முடித்தார்கள். போல்சனுக்கும் தரகர்களுக்கும் இடையில் பேச்சு இருந்தது. கறந்து கொடுத்தவர்களிடம் மட்டும் யாரும் பேசவில்லை. பம்பாயில் பால் என்ன விலைக்குப் போகிறது என்பது கைரா விவசாயிக்குத் தெரியவந்தபோது கோபம் வந்தது.

அவர்கள் போய்ப் பார்த்தது சர்தார் வல்லபாய் படேலை. அவரும் அந்த மாவட்டத்துக்காரர்தான். உங்கள் பாலை நீங்களே கூட்டுறவாகச் சேர்த்து, நீங்களே பதப்படுத்தி விற்க வேண்டும் என்பது அவருடைய யோசனை. ஆனால் ஒரு விஷயத்தை முன்னாலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார். அரசாங்கம் இதற்கு ஒத்துக்கொள்ளாது. நீங்கள் பால் கொடுக்க மறுக்க வேண்டி வரும். கொஞ்ச காலம் நஷ்டம் உங்களுக்குத்தான். அதைத் தாங்குவீர்கள் என்றால் நான் கூட நிற்கிறேன் என்றார். பிறகு மொரார்ஜி தேசாயை அனுப்பினார். 1946 ஜனவரி 4-ஆம் தேதி சமர்க்கா என்ற கிராமத்தில் கூட்டம் நடந்தது. ஊருக்கு ஒரு சங்கம், எல்லாச் சங்கமும் சேர்ந்து ஒரு யூனியன், அந்த யூனியனிடம் மட்டும்தான் அரசாங்கம் பால் வாங்க வேண்டும், இல்லையென்றால் பால் கிடையாது என்று தீர்மானம் போட்டார்கள்.

அரசாங்கம் மறுத்தது. 15 நாள் பால் நிறுத்தம் நடந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். புத்தகங்களில் இது ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. மாடு வைத்திருக்கிற நமக்குத் தெரியும், பதினைந்து நாள் என்றால் முப்பது கறவை. மாடு போராட்டமெல்லாம் பார்க்காது, நேரமானால் கறந்தே ஆக வேண்டும், கறக்காமல் விட்டால் மடி கட்டிக்கொள்ளும். தீவனச் செலவு ஒரு நாளும் நிற்காது. கையில் காசு வராது. வாசலில் தரகர் வந்து நின்று, "உனக்கு மட்டும் ரெண்டு காசு கூடப் போட்டுத் தர்றேன், யாருக்கும் தெரியாது" என்று நிச்சயம் கேட்டிருப்பார். அப்படிக் கேட்டும் ஒரு வீடு, இரண்டு வீடு, பத்து வீடு உடைந்து போகாமல் நின்றார்கள் என்பதுதான் ஆனந்தின் வரலாறு. பம்பாய்க்குப் பால் போவது நின்றுபோனது. கடைசியில் பம்பாயின் பால் ஆணையர் ஆனந்துக்கு வந்து பார்த்தார், கோரிக்கையை ஏற்றுக்கொண்டார்கள். 1946 டிசம்பர் 14-இல் கைரா மாவட்டக் கூட்டுறவு பால் உற்பத்தியாளர் யூனியன் பதிவானது.

இதற்காக ஊர் ஊராக நடந்தவர் திரிபுவன்தாஸ் படேல். விடுதலைப் போராட்டத்தில் சிறைக்குப் போய் வந்தவர். யூனியனின் தலைவர். அவர் பெயர் நம் பக்கத்தில் அவ்வளவாகக் கேள்விப்படாத பெயர், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். குரியனே தன் வாழ்நாள் முழுக்க, நான் விவசாயிகளின் ஊழியன் என்று சொன்னவர். அந்த விவசாயிகள் பக்கம் நின்று அவரை வேலைக்கு வைத்துக்கொண்டவர் திரிபுவன்தாஸ்தான்.

1948 ஜூனில் யூனியன் பால் பதப்படுத்த ஆரம்பித்தபோது இரண்டே கிராமச் சங்கங்கள், ஒரு நாளைக்குச் சுமார் 250 லிட்டர் பால். நம்ம பக்கத்தில் ஒரு நடுத்தரச் சங்கத்தில் ஒரு வேளைக்கே அவ்வளவு சேரும். அந்த அளவில் இருந்துதான் தொடங்கினார்கள்.

குரியன் வந்தது அதற்கும் பிறகு, அதுவும் விரும்பி வரவில்லை. அரசாங்க உதவித்தொகையில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், அதற்கு ஈடாக அரசாங்கம் சொல்கிற இடத்தில் வேலை செய்தாக வேண்டும். ஆனந்தில் இருந்த அரசு வெண்ணெய்ப் பண்ணைக்கு அனுப்பினார்கள். தங்க வீடு கிடைக்காமல் கார் கொட்டகையில் குடியிருந்தார். பக்கத்திலேயே யூனியனின் பழைய இயந்திரங்கள் அடிக்கடி பழுதாகும், திரிபுவன்தாஸ் கூப்பிடுவார், இவர் போய்ச் சரி செய்வார். அரசு வேலையை விட்டுவிட்டு மூட்டை கட்டியபோது திரிபுவன்தாஸ், கொஞ்ச நாள் இருந்து இயந்திரங்களை ஒழுங்கு பண்ணிக் கொடுத்துவிட்டுப் போ என்று கேட்டார். இருந்தார். 2012 செப்டம்பரில் பக்கத்து ஊரான நடியாதில் இறக்கும் வரைக்கும் அந்த மண்ணை விட்டுப் போகவில்லை.

குரியன் செய்ததையும் சொல்ல வேண்டும், அதுவும் சாதாரணம் இல்லை. குளிர்காலத்தில் எருமைகள் கோடையைப் போல இரண்டு மடங்கு கறந்தன. பம்பாய் அவ்வளவையும் வாங்கிக்கொள்ளாது. மிச்சப் பாலைத் திருப்பி அனுப்பினால் விவசாயி மறுபடியும் தரகரிடம்தான் போவான், சங்கம் உடைந்துவிடும். ஆக, மிச்சப் பாலைப் பொடியாக்கியே தீர வேண்டும். எருமைப் பாலைப் பொடியாக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் அடித்துச் சொன்னார்கள். குரியனின் நண்பர் எச். எம். தலாயா, வட இந்தியாவிலிருந்து வந்தவர், முடியும் என்று செய்து காட்டினார். யூனிசெஃப் இயந்திரங்கள் கொடுத்தது, நியூசிலாந்து அரசு உதவி செய்தது. 1955 அக்டோபர் 31-இல், சர்தாரின் பிறந்த நாளில், நேரு வந்து அந்தத் தொழிற்சாலையைத் திறந்து வைத்தார். எருமைப் பாலில் பொடி எடுத்த உலகின் முதல் ஆலை அது. படிப்பும் அறிவும் யாருக்காக வேலை செய்தன என்று பாருங்கள். சங்கம் உடையாமல் இருக்க வேண்டும் என்ற தேவை முதலில், அதற்குப் பிறகு விஞ்ஞானம்.

வெண்ணெய் விஷயத்தில் ஒரு சின்னத் தகவல். போல்சன் வெண்ணெய், நாள்பட்ட புளித்த பாலாடையில் உப்புப் போட்டு எடுத்தது. பம்பாய்க்காரர்கள் அந்த ருசிக்குப் பழகியிருந்தார்கள். கைரா யூனியன் 'அமுல்' என்ற பெயரில் புதுப் பாலாடையில் எடுத்து விற்ற வெண்ணெயைச் சப்பென்று இருக்கிறது என்று ஒதுக்கினார்கள். அப்புறம் உப்பும் நிறமும் சேர்த்துத்தான் சந்தையில் நிற்க முடிந்தது. நல்ல பொருளாக இருந்தாலும் விற்கிற வேலை தனி வேலை என்பதை அவர்கள் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள்.

சரி, கிராமத்துக்கு வருவோம். ஆனந்தைச் சுற்றிய ஊர்களில் சங்கத்தின் வாசலில் என்ன நடந்தது என்பதுதான் எனக்கு மிக முக்கியம். எல்லாச் சாதிக்காரர்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். முந்தி வந்தவருக்கு முந்தி அளவை. எல்லோர் பாலும் ஒரே பாத்திரத்தில் கலந்தது. பாலில் எவ்வளவு கொழுப்பு என்று அங்கேயே சோதித்து அதற்குத் தகுந்த விலை போட்டார்கள். காலையில் ஊற்றிய பாலுக்குச் சாயங்காலம் பணம், சாயங்காலம் ஊற்றியதற்கு அடுத்த நாள் காலையில். நிலமே இல்லாமல் ஒற்றை எருமை வைத்திருந்த வீட்டுக்கும், பத்து எருமை வைத்திருந்த, நிலபுலம் உள்ள பட்டீதார் சாதி வீட்டுக்கும் சங்கத்தில் ஒரே ஓட்டு. ஊரில் சாதி ஒழிந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை, எங்கும் அப்படி ஒழியாது. ஆனால் தினமும் இரண்டு வேளை அந்த வரிசையில் நிற்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

1964-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி கஞ்சரியில் கால்நடைத் தீவன ஆலையைத் திறக்க வந்தார். முந்தின நாள் ராத்திரி அஜர்ப்பூரா என்ற கிராமத்தில் ஒரு விவசாயி வீட்டில் தங்கினார். ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து வெகு நேரம் பேசினார். அரசாங்கம் நாடு முழுக்கப் பால் பண்ணைகள் வைத்தும் எல்லாம் நஷ்டத்தில் ஓடுகிறதே, இங்கே மட்டும் எப்படி என்று அவருக்குக் கேள்வி. மண் வித்தியாசமா? இல்லை. மழை அதிகமா? அதுவும் இல்லை. எருமை ஒசத்தி ஜாதியா? வேறு மாநிலங்களில் இதைவிட நல்ல எருமைகள் உண்டு. கடைசியில் அவர் கண்டது ஒரே ஒரு வித்தியாசம். இங்கே பண்ணை விவசாயிக்குச் சொந்தம், மேலாளர் விவசாயியிடம் சம்பளம் வாங்குகிறவர். இதே மாதிரி நாடு முழுக்கச் செய்யுங்கள் என்று குரியனிடம் கேட்டார். 1965-இல் தேசிய பால்வள வாரியம் தொடங்கியது, டெல்லியில் இல்லை, ஆனந்திலேயே.

1970-இல் வெண்மைப் புரட்சித் திட்டம். ஐரோப்பிய நாடுகள் இலவசமாகத் தந்த பால் பொடியையும் வெண்ணெய் எண்ணெயையும் இங்கே விற்று, அந்தப் பணத்தில் சங்கங்களையும் ஆலைகளையும் கட்டினார்கள். டெல்லி, பம்பாய், கல்கத்தாவோடு சென்னையும் முதல் கட்டத்திலேயே சேர்ந்தது. ஊருக்கு ஒரு தொடக்கச் சங்கம், மாவட்டத்துக்கு ஒரு ஒன்றியம், மாநிலத்துக்கு ஒரு இணையம் என்ற ஆனந்தின் மூன்று அடுக்கு அப்படித்தான் நமக்கு வந்தது. 1981-இல் தமிழ்நாடு கூட்டுறவு பால் உற்பத்தியாளர்கள் இணையம் வந்தது, நாம் ஆவின் என்கிறோம். நாம் ஊற்றுகிற பால் சித்தோட்டு ஆலைக்குப் போகிறதே, அந்த வழியின் மூலம் ஆனந்தில் இருக்கிறது.

அடுக்கு மூன்றும் வந்தன. பண்ணை நமக்குச் சொந்தம் என்கிற எண்ணம் கூடவே வந்ததா? என் பார்வையில் பாதி வழியிலேயே நின்றுவிட்டது. ஆனந்தில் விவசாயிகள் முதலில் சண்டை போட்டு ஒன்று சேர்ந்தார்கள், அரசாங்கம் பின்னால் வந்தது. நமக்கு அரசாங்கம் முன்னால் வந்தது. அதனால் சங்கத்தை நாம் அரசாங்க ஆபீஸாகவே பார்க்கிறோம். "சொசைட்டிக்காரங்க என்ன சொல்றாங்களோ" என்று பேசுகிறோம். அந்தச் சொசைட்டிக்காரங்க நாம்தான். பங்குத்தொகை கட்டி உறுப்பினர் ஆன நாளிலிருந்து.

என் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன். பால் ஊற்றும்போது லிட்டர் அளவு மட்டும் எழுதிக்கொடுக்கிற சங்கங்கள் இன்னும் இருக்கின்றன. கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு போக மீதி உள்ள இதரச் சத்து எவ்வளவு என்று கையில் சீட்டு வராது. நல்ல புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் வைத்து மாட்டை வளர்க்கிறவருக்கும், பாலில் தண்ணீர் கலக்கிறவருக்கும் பில்லில் ஒரே சராசரி விலை. இப்படி இருந்தால் நேர்மையாக ஊற்றுகிறவர்தான் நஷ்டப்படுகிறார். இன்னொரு பக்கம், சங்கத்தில் எடுத்த அளவு ஒன்று, வண்டி போய்ச் சேர்ந்த பிறகு ஆலையில் எடுக்கிற அளவு வேறு. வித்தியாசம் சங்கத்தின் தலையில் விழும், அது நம் தலையில் இறங்கும். வண்டியில் ஏற்றுவதற்கு முன்னாலேயே ஊரிலேயே அளவும் தரமும் பார்த்துக் குறிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டுப் பால் உற்பத்தியாளர் அமைப்புகள் பல வருடமாகக் கேட்டு வருகின்றன. அந்தக் கோரிக்கையின் பின்னால் நாம் ஒவ்வொருவரும் நிற்க வேண்டும்.

விலை பற்றிப் பேசும்போது நாம் சத்தமாகப் பேசுகிறோம். பேச வேண்டும்தான். 2022 நவம்பரில் பசும்பாலுக்கு லிட்டருக்கு 32 ரூபாயிலிருந்து 35 ரூபாய் ஆனது. 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை வந்தது. தீவன மூட்டை விலை ஏறிய வேகத்துக்கு இது ஈடாகாது. ஆனால் விலை ஏற்றுகிற அதிகாரம் சென்னையில் இருக்கிறது. அளவும் சோதனையும் நம் ஊர்ச் சங்கத்தில் நடக்கிறது. லிட்டருக்கு ஒரு ரூபாய் ஏறுவதற்குச் சாலைக்கு வருகிற நாம், சோதனைச் சீட்டு இல்லாததால் தினமும் இழக்கிறதை ஏன் கேட்பதில்லை?

அமுல் நம் மாநிலத்துக்குள் வந்ததைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. 2023 மே மாதம், கிருஷ்ணகிரியில் குளிரூட்டும் மையங்கள் வைத்துப் பால் வாங்கப் பார்க்கிறது, அதை நிறுத்த வேண்டும் என்று அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் ஒன்றிய அமைச்சர் அமித் ஷாவுக்குக் கடிதம் எழுதினார். ஒருவர் எல்லைக்குள் இன்னொருவர் கொள்முதல் செய்யாமல் இருப்பது இத்தனை காலம் கூட்டுறவுகள் காத்து வந்த மரியாதை. அது உடைவது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் நம்மில் சிலர், அமுல் வந்தால் கூட விலை கிடைக்குமே என்று பேசுவதையும் கேட்கிறேன். நுகர்வோர் தருகிற ரூபாயில் 80 பைசாவுக்கு மேல் உற்பத்தியாளருக்குப் போகிறது என்று அமுல் சொல்லும்போது ஆசை வரத்தான் செய்யும். அங்கே அந்த 80 பைசா எப்படி வந்தது? யூனியன் போர்டில் உட்காருகிறவர்களைப் பால் ஊற்றுகிறவர்களின் ஓட்டு தீர்மானிக்கிறது. ஆகவே யார் பால் வாங்க வந்தாலும், தனியார் வந்தாலும், வெளிமாநிலக் கூட்டுறவு வந்தாலும், நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. விலை என்ன என்று கேட்பதற்கு முன்னால், எனக்கு அங்கே ஓட்டு உண்டா என்று கேளுங்கள். ஓட்டு இல்லாத இடத்தில் இன்றைக்குத் தருகிற கூடுதல் விலை நாளைக்கும் இருக்கும் என்று யாரும் எழுதிக்கொடுக்க மாட்டார்கள். போல்சன் காலத்திலும் சில மாதங்களில் நல்ல விலை இருந்தது.

ஆவினில் நமக்கு ஓட்டு உண்டு. சட்டப்படி உண்டு. ஆனால் தேர்ந்தெடுத்த நிர்வாகக் குழுவின் காலம் முடிந்து, தேர்தல் நடக்காமல், அரசாங்கம் போடுகிற தனி அலுவலர் பார்த்துக்கொள்கிற காலங்கள் நம் மாநிலத்தில் திரும்பத் திரும்ப வருகின்றன. அப்போது சங்கத்தில் எதுவும் நிற்பதில்லை, வண்டி வருகிறது, பில் வருகிறது. அதனால் நமக்குத் தேர்தல் நினைவே வருவதில்லை. இது ஆபத்தான பழக்கம். கைராவிலும் எல்லாம் ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். அங்கே யூனியன் தேர்தலில் கட்சிகள் இறங்கி மோதுகின்றன. குரியனே 2006-இல் மனக்கசப்போடுதான் குஜராத் இணையத்தின் தலைவர் பொறுப்பை விட்டு விலகினார். மோதட்டும். மோதல் நடக்கிற அளவுக்கு அந்தப் பதவிக்கு மதிப்பு இருக்கிறது, ஓட்டுக் கேட்டு ஊருக்குள் வர வேண்டியிருக்கிறது.

அக்காமார்களுக்குத் தனியாக ஒன்று. சாணி அள்ளுவது, சோளத்தட்டு வெட்டிப் போடுவது, தண்ணி காட்டுவது, கறப்பது, சினைக்கு ஊசி போட ஆள் கூப்பிடுவது எல்லாம் நாம். பாஸ் புத்தகத்தில் பெயர் யாருடையது? ஆனந்திலும் இதே குறைதான். மாட்டைப் பார்த்தது பெண்கள், உறுப்பினர் பட்டியலில் பெரும்பாலும் ஆண்கள். அவர்கள் செய்ததில் நாம் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாத பகுதி இது. தமிழ்நாட்டில் மகளிர் சங்கங்கள் தனியாகவே உண்டு, அவை நன்றாக நடக்கிற ஊர்களைப் பார்த்திருக்கிறேன். மற்றச் சங்கங்களிலும் நம் பெயரில் உறுப்பினர் சேர்க்கை கேட்க வேண்டும். பில் பணம் நம் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். வீட்டில் கொஞ்சம் பேச்சு வரும். வரட்டும், பேசிக்கொள்ளலாம்.

திரிபுவன்தாஸ் 1970-களின் தொடக்கத்தில் தலைவர் பதவியிலிருந்து தானாக விலகினார். உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டு அவருக்கு ஒரு பணமுடிப்புக் கொடுத்தார்கள், ஆறு லட்சம் ரூபாய் சேர்ந்தது. அதை அவர் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. கைரா மாவட்டத்துப் பெண்கள், குழந்தைகள் உடல்நலத்துக்காக ஓர் அறக்கட்டளை தொடங்கினார். மாட்டுக்கு வைத்தியர் ஊர் தேடி வருகிறார், பெற்ற தாய்க்கு யாரும் வருவதில்லை என்ற குறை அந்தக் கிராமங்களில் இருந்தது. பால் சங்கம் வழியாகவே அதைப் போக்க முயன்றார்கள். 2025-இல் ஆனந்தில் அமைந்த கூட்டுறவுப் பல்கலைக்கழகத்துக்குத் திரிபுவன் என்று அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். நம் சங்கக் கட்டடத்தில் குரியன் படம் மாட்டுகிறவர்கள் பக்கத்தில் இவர் படத்தையும் மாட்டுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி நான் கேட்கிற காரியம். வருடம் ஒரு முறை பேரவைக் கூட்டம் என்று சங்கத்தில் அறிவிப்பு ஒட்டுவார்கள். சில ஊர்களில் கூட்டமே நடக்காமல் கையெழுத்துப் புத்தகம் மட்டும் பால் ஊற்றுகிற இடத்துக்கு வருகிறது. அப்படி வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள், கூட்டம் எப்போது என்று கேளுங்கள். கூட்டத்துக்குக் கறவை முடிந்த கையோடு வந்துவிடுங்கள். வரவு செலவு வாசிக்கும்போது மாட்டுத் தீவன விற்பனையில் என்ன லாபம், உள்ளூரில் விற்கிற பாலில் என்ன லாபம், போன வருடம் போனஸ் எவ்வளவு என்று கேளுங்கள். செயலாளர் மீது கோபப்பட வேண்டியதில்லை. குறைந்த சம்பளத்தில் விடியக்காலம் மூன்றரைக்கு எழுந்து சங்கத்தைத் திறக்கிறவர்கள் அவர்கள், பலர் நல்லவர்கள். கேள்வி கேட்கிற உறுப்பினர்கள் இருந்தால் அவர்களுக்கும் மேலிடத்தில் பேச ஒரு பிடி கிடைக்கும்.

எங்கள் ஊர்ச் சங்கத்தின் அடுத்த பேரவையில் கீழே உள்ள தீர்மானத்தை நான் கொண்டுவரப் போகிறேன். உங்கள் ஊரிலும் கொண்டுவாருங்கள். வார்த்தைகளை மாற்றிக்கொள்ளலாம்.

"நமது சங்கத்தில் உறுப்பினர் ஊற்றும் பால், ஒவ்வொரு வேளையும் அவர் முன்னிலையில் அளக்கப்பட்டு, கொழுப்புச் சத்தும் இதரச் சத்தும் சோதிக்கப்பட்டு, அளவு, தரம், விலை மூன்றும் குறித்த சீட்டு அப்போதே அவர் கையில் தரப்பட வேண்டும். சங்கத்திலிருந்து ஒன்றியத்துக்குப் போகும் பாலின் அளவும் தரமும் வண்டியில் ஏற்றும் முன் இங்கேயே குறிக்கப்பட வேண்டும். கறவை மாடு பராமரிக்கும் பெண்கள் விண்ணப்பித்தால் அவர்கள் பெயரில் உறுப்பினர் சேர்க்கை தாமதமின்றி வழங்கப்பட வேண்டும். நிர்வாகக் குழுத் தேர்தலை உரிய காலத்தில் நடத்தும்படி பால்வளத் துறையை இந்தப் பேரவை கேட்டுக்கொள்கிறது."

முன்மொழிய நான் இருக்கிறேன். வழிமொழிய உங்கள் ஊரில் ஒருவர் வேண்டும். பக்கத்தில் பால் ஊற்றுகிறவரிடம் இன்றைக்குச் சாயங்காலமே கேட்டு வையுங்கள்.

இப்படிக்கு,
கோபி பக்கத்துச் சங்கம் ஒன்றில் பால் ஊற்றும் உங்கள் சகோதரி